மரக்காணம் ரோட்டில் ஏறிய ஆள்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் திண்டிவனத்தில் சவுரிராயனின் பட்டறைக்குப் போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். அவன் சண்டைக்கு வரமாட்டான். கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவான். அன்று முழுக்க வேலை ஓடாது.

நடந்தது 1999 மே மாதம். கத்திரி வெயில். பட்டப்பகல்.

சவுரிராயனுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. டூ ஸ்ட்ரோக் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, அதில் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவான். பழைய லாம்பி ஸ்கூட்டர் ஒன்றை எட்டு மாதமாகப் போட்டு நோண்டிக்கொண்டிருந்தான். சிலிண்டரை அகலப்படுத்திப் பெரிய பிஸ்டன் போட்டான். பைக்கில் வருகிற பெரிய கார்புரேட்டரை மாட்டினான். சைலன்சரைத் தானே வெல்டு வைத்து வேறு மாதிரி செய்தான். இத்தனைக்கும் காரணம் கோட்டக்குப்பம் நத்தர்ஷா பாய். துபாயிலிருந்து திரும்பி வந்து பெரிய ஒர்க்‌ஷாப் திறக்கப்போகிறவர்.

"நூறத் தொடுற லாம்பி ஒண்ணு ஞாயித்துக்கெழம கொண்டாந்து காட்டு சவுரி. ஒர்க்‌ஷாப்ப உன் கையில உட்டுட்றேன்" என்று சொல்லியிருந்தார்.

வண்டியின் வேகம் தொண்ணூற்றிரண்டோடு நின்றுவிட்டது. அன்று சனிக்கிழமை.

மிச்சமிருந்தது கார்புரேட்டர் ட்யூனிங் மட்டும். கார்புரேட்டருக்குள் ஜெட் என்று சின்னதாக ஒரு பித்தளைச் சாமான் உண்டு. அதன் ஓட்டை வழியாகத்தான் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும். ஓட்டை பெரிதாக இருந்தால் வண்டி பெட்ரோலைக் குடித்துவிட்டு மந்தமாக ஓடும். சிறிதாக இருந்தால் சீறும். ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ஓடுகிற ஓட்டத்தில் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் க்ளட்சைப் பிடித்தால் பிழைக்கலாம்.

பதினொன்று நாற்பதுக்குக் கிளம்பினான். மனைவி இருதயமேரி, "வெயில் எறங்கட்டுமே" என்றாள். "ரோடு காலியா இருக்கும்மா, ஜல்தியா வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மரக்காணம் ரோட்டில், ஊர்களெல்லாம் தாண்டி, இரண்டு கிலோமீட்டருக்கு வளைவே இல்லாத இடம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை. அறுவடை முடிந்து வெறும் மண். எப்போதாவது ஒரு உப்பு லாரி போகும். அவ்வளவுதான்.

பன்னிரண்டு ஐந்துக்கு முதல் ஓட்டம். முழு வேகத்தில் ஒரு கிலோமீட்டர் முறுக்கி, க்ளட்சைப் பிடித்து, இன்ஜினை நிறுத்தி, அப்படியே உருட்டிக்கொண்டு ஓரம் கட்டினான். ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தான். கறுப்பு. பெட்ரோல் அதிகம். கொஞ்சம் சின்ன ஓட்டையுள்ள நூற்றுப்பத்தாம் நம்பர் ஜெட்டைப் போட்டான்.

பன்னிரண்டு இருபதுக்கு இரண்டாவது ஓட்டம். ப்ளக் காபித்தூள் நிறத்தில் இருந்தது. அதுதான் சரியான நிறம். வேகம் தொண்ணூற்றுநாலு.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். எந்த மெக்கானிக்கும் போயிருப்பான். ஆனால் மறுநாள் காலை நத்தர்ஷா பாய் முன்னால் போய் நிற்க வேண்டுமே.

குனிந்து யோசித்துக்கொண்டிருந்தவனின் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"சவுண்டு கனமா இருக்குது."

திரும்பினான். ஒரு ஆள். நாற்பது வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை, மடித்துக் கட்டிய கைலி. கடலோரத்து ஆட்களுக்கே உரிய கறுத்த, இறுகிய உடம்பு. சைக்கிள் இல்லை. வண்டி இல்லை. சுற்றிலும் ஒரு மைலுக்கு ஒரு குடிசைகூட இல்லை.

"எந்த ஊருண்ணே?" என்றான் சவுரிராயன்.

"இங்க தான்."

"வண்டி வேலை தெரியுமா?"

அந்த ஆள் குனிந்து இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தான். அப்போதுதான் ஓடி நின்ற இன்ஜின். தண்ணீர் பட்டால் சுர்ரென்று ஆவியாகிவிடும். அவன் கையை எடுக்கவே இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டே இருந்தான்.

"சூடு பத்தல" என்றான்.

சட்டைப்பையிலிருந்து ஒரு ஜெட்டை எடுத்து நீட்டினான். "தொண்ணூத்தெட்டாம் நம்பர். போடு."

சவுரிராயன் வாங்கினான். வாங்கியவுடன் கை கூசியது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி சில்லிட்டிருந்தது.

ஏன் போட்டான் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். அவனுக்கே தெரியவில்லை. அந்த ஆள் சொன்ன விதம் அப்படி. தெரிந்தவன் தெரிந்தவனிடம் பேசுகிற விதம். போட்டான்.

பன்னிரண்டு முப்பத்தைந்து. மூன்றாவது ஓட்டம். முள் தொண்ணூற்றெட்டைத் தொட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்தது அவனுக்கு. ஓரம் கட்டினான்.

அந்த ஆள் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி… சவுரிராயனுக்கு முன்பாகவே வந்து.

"எப்டிண்ணே வந்தீங்க?"

"ப்ளக்க பாரு."

அவன் பார்ப்பதற்குள் அந்த ஆளே வெறும் விரலால் ப்ளக்கைத் திருகி எடுத்துவிட்டான். ஸ்பானர் இல்லாமல். நீட்டினான். காபித்தூள் நிறம். இருக்கவே முடியாது. அவ்வளவு சின்ன ஜெட்டுக்குப் பெட்ரோல் குறைந்து ப்ளக் வெளுத்திருக்க வேண்டும்.

ப்ளக்கும் சில்லென்றிருந்தது.

போய்விடலாம் என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது.

"இன்னும் ஒரு நம்பர் கொறை. நூறு வந்துரும்" என்றான் அந்த ஆள். இன்னொரு ஜெட். அதையும் அவனே மாட்டினான். "நான் பின்னாடி ஒக்காந்துக்கினு வர்றேன். கிட்ட இருந்து கேட்டா தான் தெரியும்."

ஏறி உட்கார்ந்தான்.

ஒரு ஆள் ஏறினால் லாம்பியின் பின்பக்கம் அமுங்கும். ஸ்பிரிங் முனகும்.

அமுங்கவில்லை. சத்தமும் இல்லை.

மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு.

வண்டி கிளம்பியது. இரண்டாவது கியர். மூன்று. நாலு. இரண்டு பேர் உட்கார்ந்தால் வேகம் குறைய வேண்டும். கூடியது. எண்பது… தொண்ணூறு… தொண்ணூற்றைந்து…

காதுக்குள் ஒரு குரல்.

"விடாத."

காற்று இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலே கேட்காது. இது தெளிவாகக் கேட்டது. முணுமுணுப்பாக.

தொண்ணூற்றெட்டு. நூறு.

நூற்றுமூன்று.

இன்ஜின் சத்தம் மாறியது. முரட்டுத்தனமெல்லாம் போய், இழைத்து இழைத்து, கேட்பதற்கு அவ்வளவு இனிமையாக… ஙீஙீஙீஙீ…

சவுரிராயனுக்கு அந்தச் சத்தம் தெரியும். இன்ஜின் சாகப்போகிற சத்தம்.

க்ளட்சைப் பிடிக்க இடது கையை மடக்கினான்.

விரல் மடங்கவில்லை.

கீழே பார்த்தான். அவன் விரல்கள்மேல் வேறு விரல்கள் இருந்தன.

குளிர்ந்த விரல்கள்.

கண்ணாடியில் பார்த்தான். பின்னால், சற்றுமுன் அவன் தாண்டி வந்த உப்பு லாரி. ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

"விடாத…"

"கைய எடுண்ணே!"

"விடாத…"

"யேசுவே!"

வலது கை ஆக்சிலேட்டர் முறுக்கை மூடியது. வலது கால் பிரேக்கை மிதித்தது. அதே நொடி…

க்ரக்.

அப்புறம் மண்தான் தெரிந்தது. வானம். மண். வானம். மண்.

லாரி அவனைத் தாண்டி நூறடி போய் நின்றது. டிரைவர் சின்னதுரை குதித்து ஓடிவந்தார். சவுரிராயன் கொல்லையில் மல்லாந்து கிடந்தான். தோள் எலும்பு முறிந்திருந்தது. நினைவு இருந்தது.

சின்னதுரை அவனைப் பார்த்தார். அப்புறம் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். வரப்போரம் போய்ப் பார்த்தார். கிளீனரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்.

"இன்னா தேடுறீங்க?" என்று முனகினான் சவுரிராயன்.

"இன்னொரு ஆளு எங்கப்பா? ரெண்டு பேரு தான வந்தீங்க?"

கால் மணி நேரம் தேடினார்கள். யாரும் கிடைக்கவில்லை.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டாக்டர் தோளுக்குக் கட்டுப் போட்டார். இடது கையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். நாலு விரலும் வெளுத்து, மரத்து, கட்டைபோல இருந்தன.

"ஐஸ்ல கைய வச்சிருந்தியாப்பா?"

வெளியே நூற்றெட்டு டிகிரி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. நத்தர்ஷா பாய் வேறு ஆளை வைத்துக்கொண்டார். தோள் கூடி வந்ததும் சவுரிராயன் கார்புரேட்டரைப் பிரித்தான். உள்ளே இருந்த ஜெட் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். ஓட்டை அடைபட்டிருந்தது. ஊசி நுழையவில்லை. அதன் வழியாக ஒரு சொட்டுப் பெட்ரோல் இறங்கியிருக்க முடியாது. ஆனால் வண்டி நூற்றுமூன்றில் ஓடியிருக்கிறது.

அதைக் கிணற்றில் போட்டான். வேறொரு சாதாரண சிலிண்டரும் பிஸ்டனும் மாட்டி, வேகத்தையெல்லாம் குறைத்து, வண்டியைச் சாதாரண வண்டியாக்கி ஓட்டினான். மரக்காணம் ரோட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பின்னால் ஏறிய ஆளைப் பற்றி அப்போது இருதயமேரியைத் தவிர யாரிடமும் பேசவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள், காலை பத்தரை மணி. பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் கருவாட்டுக் கூடை. பேர் பொன்னி. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம். திண்டிவனம் மார்க்கெட்டுக்கு வாரம் ஒருமுறை வருகிறவள்.

"போன செவ்வாக்கெழம மார்க்கெட்டாண்ட லாம்பில போனது நீங்க தானங்க?"

"ஆமாம்மா."

"பின்னாடி ஒக்காந்துக்கினு இருந்தாரே, அவரு யாருங்க?"

சவுரிராயன் எழுந்து நின்றான். "யாரும் இல்லியே. தனியா தான் போனேன்."

அவள் கூடையை இறக்கினாள். சுருக்குப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். ஓரமெல்லாம் மடிந்த சின்னப் போட்டோ.

"இவருங்க."

அதே முகம். கறுத்து, இறுகி.

"எங்க வூட்டுக்காரரு. தாண்டவராயன். எந்நேரமும் வண்டிய நோண்டிக்கினே இருப்பாரு. மரக்காணம் ரோட்டுல இன்ஜின் புடிச்சிக்கினு உழுந்தாரு. பின்னாடி வந்த லாரி ஏறிட்ச்சி." குரல் உடையாமல் சொன்னாள். "மூணு வருசம் ஆவுதுங்க."

உள்ளேயிருந்து வந்த இருதயமேரி கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு ஒதவி பண்றீங்களாங்க?" என்றாள் பொன்னி. "ஒரே ஒரு தபா வண்டிய எங்க வூட்டாண்ட ஓட்டியாறீங்களா? வூட்ட பாத்தார்னா எறங்கிடுவாரு."

அவன் மனைவியைப் பார்த்தான்.

"போய்ட்டு வந்துடுங்க" என்றாள் இருதயமேரி. "எறங்கட்டும்."

மறுநாள் மாலை நாலு மணிக்குப் போனான். போகும்போது கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டான். நாற்பது கிலோமீட்டரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் சில்லிட்டுக்கொண்டே வந்தது.

மணல் தெரு. ஓலை வீடு. வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. பொன்னி வெளியே வந்தாள். கையில் சொம்புத் தண்ணீர்.

அவள் சவுரிராயனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"வாங்க" என்றாள். "எறங்குங்க. வூடு வந்துட்ச்சி."

கடல் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அவள் சொம்பை மணலில் இறக்கி வைத்தாள். கண்ணில் நீர் நிறைந்தது. அப்புறம்தான் சவுரிராயனைப் பார்த்தாள்.

"மாட்டேன்னு தல ஆட்றாருங்க" என்றாள்.