உரியம் குடிக்கவில்லை

பெரெசி தன் புருஷனை வீட்டைவிட்டுத் துரத்தியபோது தராவாத் தீவில் எங்கள் பெசியோ ஊரில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனைக்கும் நான் நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி.

அவள் புருஷன் உரியம் இருபத்திரண்டு வருடமாக அபையாங் தீவுக்குப் படகு ஓட்டியவன். காயலில் எந்த இடத்தில் பாறை தலை நீட்டும், எந்த நேரத்தில் நீர் வற்றும் என்று அவனுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவன் ஒரு நாள் பட்டப்பகலில், முப்பது பேரோடு படகை நேராக மணல்திட்டில் ஏற்றிவிட்டான். நீர் ஏறும்வரை ஐந்து மணி நேரம் எல்லோரும் வெயிலில் காய்ந்தார்கள். அவன் சுக்கானைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தானாம்.

"காலையிலேயே புளிச்ச கள்ளா மச்சான்? எங்களுக்கும் கொஞ்சம் ஊத்தியிருக்கலாம்ல" என்றான் படகில் வேலை பார்த்த கரோத்து, பெரெசியின் தம்பி. பயணிகள் சிரித்தார்கள். கதை அவர்களுக்கு முன்பே கரை சேர்ந்தது.

அதற்குச் சில வாரம் முன்பிருந்தே உரியம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். பகலெல்லாம் தூக்கம். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறுவான். தேநீரில் உப்பைப் போட்டுக் கலக்குவான். மணல்திட்டில் ஏறிய அன்று இரவு பெரெசி அவன் வாயை மோந்து பார்த்தாள். இனிப்பும் பூசணமுமாக ஒரு வாடை. அதற்குமேல் அவளுக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அவன் பாயைச் சுருட்டி வெளியே எறிந்தாள்.

பதினோரு நாள் படகுக் கொட்டகையில் கிடந்தான். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை என்று கரோத்து ஒரு மதியம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

வார்டில் உலுக்கி எழுப்பி உட்காரவைத்தோம். பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை நீட்டச் சொன்னேன். நீட்டிய கைகள் மணிக்கட்டில் தொங்கித் தொங்கி எழுந்தன. பிஜிக்கார டாக்டர் அதைப் பார்த்ததுமே ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"ஈரல் போயிடுச்சும்மா. பொறந்தப்ப தாய்கிட்டேருந்து வந்த கிருமி, இத்தன வருஷமா அரிச்சிருக்கு" என்றார் பெரெசியிடம்.

"ஈரலுக்கும் புத்திக்கும் என்ன டாக்டர்?"

"மூளையில ஒரு நரம்பு அடுத்ததுகிட்ட பேச ஒரு ரசாயனத்த விடும். பேசி முடிஞ்சதும் மிச்சத்த உறிஞ்சி எடுக்க பக்கத்துலயே துணைச் செல்லுங்க இருக்கு. ஈரல் கழிக்காம விட்ட அம்மோனியா மேல போனா, அதையும் அதுங்கதான் வாங்கிக்கணும். வாங்கி வாங்கி வீங்கிடுச்சு. சொந்த வேலைய ஒழுங்கா செய்ய முடியல. அதான் பேச்சு குழம்புது."

"அப்ப இவர் குடிக்கல?"

"ஒரு சொட்டு குடிச்சதா தெரியல."

"வாயில வாடை வந்துச்சே?" என்றாள். "அதுவும் ஈரலாலதாம்மா."

குடலைக் கழுவி அம்மோனியாவை இறக்கும் சிரப்பு கொடுத்தோம். மூன்றாம் நாள் காலை உரியம் தெளிவாக விழித்தான். படகு எங்கே என்று கேட்டான். மீனும் சோறும் கேட்டான்.

பெரெசி அவன் காலருகில் உட்கார்ந்தாள். "உங்கள நான் வெளிய தள்ளினேங்க. நெனப்பிருக்கா?"

"இல்லயே. எப்ப?"

"பதினோரு நாள் கொட்டகையில கெடந்தீங்க."

"நீ தள்ளினேன்னா நான் ஏதாவது பண்ணியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமானான். நினைவே இல்லாதவனிடம் எதற்கு மன்னிப்புக் கேட்பது?

நான்கு நாள் அப்படி இருந்தான். பிறகு சிரப்பு தீர்ந்தது. மருந்து கொண்டுவரும் கப்பல் தாமதம். தராவாவில் இருந்த மருந்துக் கடைகளில் பெரெசி ஏறி இறங்கினாள். இருமலுக்குத்தான் சிரப்பு இருந்தது. அவன் மறுபடி பகலில் தூங்கத் தொடங்கினான். என்னால் முடிந்தது, புரட்டிப் படுக்கவைத்ததும் உதட்டை நனைத்ததும்தான்.

வியாழக்கிழமை விமானத்தில் மருந்து வந்தது. குழாய் வழியாகக் கொடுத்தோம். இந்த முறை அது எடுபடவில்லை.

"நான் பேசறது அவருக்குக் கேக்குமா?" என்றாள் பெரெசி.

"தெரியல அக்கா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. ஆனாலும் அவள் பேசினாள், சனிக்கிழமை மத்தியானம் அவன் மூச்சு நிற்கும்வரை.

அடக்கத்தன்று கரோத்து எழுந்து, "எங்க மச்சான் குடிக்கல. நான்தான் அப்படிச் சொன்னேன்" என்றான். கூட்டத்தில் மணல்திட்டில் மாட்டிக்கொண்டவர்கள் சிலரும் இருந்தார்கள். பெரெசி தலை நிமிரவில்லை.