பனித்தரையில் ஒரு பொன்னாடை

கர்ர்ரக்... கர்ர்ரக்...

இன்று காலை கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டும்போது சட்டென்று கை நின்றுவிட்டது. சென்ற ஞாயிறு எங்கள் பிஸ்கட்டவே ஊர் ஐஸ் ரிங்க்கில், அதாவது பனிச்சறுக்குக் கூடத்தில், கேட்ட அதே சத்தம். அங்கே பனியைக் கீறியது ஸ்கேட்டிங் ஷூ என்றா நினைக்கிறீர்கள்? நாற்காலிக் கால்கள்!

யாழினிக்குப் பத்தொன்பது வயது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் மாநில சாம்பியன். மற்றவர்கள் எகிறிக் குதித்து மார்க் வாங்கிக்கொண்டிருக்க, பரதத்தின் அபிநயத்தைப் பனிமேல் கொண்டுவந்தவள். அந்த ஞாயிறுக்கு மறுநாள் பயிற்சிக்காக டெக்சாஸ் போகவிருந்தாள். அங்கே புதுக் கோச் கறாராகச் சொல்லிவிட்டாராம் – முத்திரையெல்லாம் போதும், இனி ஜம்ப் மட்டும். ஆக, தன் நான்கு நிமிட நடனத்தை அவள் ஆடப்போவது அன்றுதான் கடைசி.

விடுவோமா? தமிழ் மன்றம் பாராட்டு விழா எடுத்தது. ஒரு மணி நேரத்துக்கு ரிங்க்கைப் பிடித்தது. நம் வழக்கம் தெரியுமே... முதலில் மரியாதை, அப்புறம்தான் ஆட்டம்.

பனிமேல் சிவப்புக் கம்பளம். பனியில் கர்ர்ரக்கென்று இழுத்து வந்து அதன்மேல் போட்ட ஏழு நாற்காலி. வேட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட். பேட்டரியில் எரியும் குத்துவிளக்கு. வரவேற்புரை, முன்னிலை உரை, தலைமை உரை... தலைவர் சுந்தர் பனியில் ஆரம்பித்துக் கல்லணை வரை போய்விட்டார். மெல்லிய ஆடையில் யாழினி வெடவெடத்துக்கொண்டிருந்தாள். பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை ஒரு மனிதருக்குப் பயன்பட்டதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

அவள் அம்மா கம்பளத்தோரம் வந்து சுந்தரிடம் கெஞ்சினார்.

"சார், டைம் ஆயிடுச்சு. ப்ளீஸ், அவ ஆடிடட்டுமே."

"ஆடட்டும்மா, யாரு வேணாங்கறா? கவிஞர் மட்டும் ரெண்டு வார்த்தை பேசிடட்டும்."

கவிஞர் யார்? அடியேன்தான்.

எனக்கா இரண்டு வார்த்தை? பதினோரு பக்கம் கையில் வைத்திருந்தேன். கைதட்டல் வந்த வரிகளை இரண்டு முறை படித்தேன். வராத வரிகளை மூன்று முறை.

நான் மைக்கை விட்டபோது மிச்சம் ஐந்து நிமிடம். கம்பளத்தைச் சுருட்டப் போனால்... வரவில்லை. பனியோடு சேர்ந்து உறைந்துவிட்டது! இழுத்தார்கள். கிழிந்ததுதான் மிச்சம். பனியைச் சமன்செய்யும் வண்டி வாசலில் உறுமியது.

"விடுங்க அங்கிள், ஐ வில் கோ அரவுண்ட் இட்" என்று யாழினி பொன்னாடையை எறிந்துவிட்டுப் பாய்ந்தாள்.

அவள் ஆடியது காத்திருக்கும் நாயகியை. மேடையில் காத்திருப்பவள் நின்ற இடத்தில் நிற்பாள். இவளும் அசையாமல்தான் நின்றாள் – பனி அவளைக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. யாரையோ அழைத்து நீட்டிய கை, அழைத்தபடியே விலகிப் போனது. பதினோரு பக்கத்தில் எனக்குச் சிக்காதது, அவள் ஐந்து விரலில் இருந்தது.

இரண்டு நிமிடம்தான். ஹாரன் அடித்தது. நீட்டிய கையை இறக்கினாள். வண்டி உள்ளே வந்தது.

ஆடுகிறவளை அழைத்து, ஆடவிடாமல் பாராட்டுவது... இந்தப் போட்டியில் நம்மை ஜெயிக்க உலகத்தில் ஆள் உண்டா?

பார்க்கிங் லாட்டில் மன்னிப்புக் கேட்கப் போனேன். அதையும் கொஞ்சம் நீளமாகவே கேட்டேன். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"இட்ஸ் ஓகே அங்கிள். என்னோட மிச்ச ரெண்டு நிமிஷம் உங்க பொயம்குள்ளதான் எங்கயோ இருக்கு. எடிட் பண்றப்ப கிடைச்சா, டெக்ஸ்ட் பண்ணுங்க."