எங்கள் தெருமுனை ரிசர்வ்

மவுண்ட் வெல்லிங்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து ஏழு வீடுகளைத் தாண்டினால் தெருமுனைப் புல்வெளி வந்துவிடும். அந்த ஏழு வீடுகளைத் தாண்டி உள்ளே கால்வைக்க அம்மாவுக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. விசா விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வந்திருக்கவில்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருப்பது இங்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. துணைக்குப் பிரஷரும் இருந்தது. மருத்துவர் நிதானமாகப் பேசும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அப்பா ஆங்கிலத்தை எழுத்தில் மட்டுமே அறிந்தவர். இந்த ஊரார் அதை வாயால் பேசும்போது அது வேறு மொழியாகிவிடுகிறது என்பது அவருடைய முறைப்பாடு. ஆகவே அந்த அறையில் மொழிபெயர்ப்பாளர் பதவி எனக்குக் கிடைத்தது. குளிசை விழுங்குவதோடு நாளுக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டும், மூன்று மாதத்தில் சீனி இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி தொடங்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். ஊசி என்றதும் அம்மா கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டார். அவருடைய தமையன் ஊரில் அந்த ஊசியை நம்பி இருந்தவர். போரில் பாதை மூடி மருந்து வராமற்போன ஒரு காலத்தில் அவர் இறந்துபோனார். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

அன்று மாலையே மூவரும் தெருமுனைக்குப் போனோம். புல்வெளி வாசலில் ஒரு பச்சைப் பலகை. அதில் இடத்தின் பெயரும், அதன்பின் ‘ரிசர்வ்’ என்ற சொல்லும் இருந்தன. அப்பா அங்கேயே நின்றுவிட்டார். ஊரில் அவர் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில், காணிப் பகுதியில், எழுதுவினைஞராகப் பதினொரு வருடம் இருந்தவர். அவருடைய கோப்புகளில் ரிசர்வ் என்றால் அரசாங்கம் தனக்கென ஒதுக்கிவைத்த நிலம். அதில் கொட்டில் போட்டவர்களுக்கெல்லாம் வெளியேறச் சொல்லி அறிவித்தல் எழுதியது அவர் கைதான்.

“உள்ளுக்க கால் வைக்கப்படாது. இது ஒதுக்கின காணி.”

“அங்க பிள்ளையள் பந்தடிக்குதுகளே?” என்றார் அம்மா.

“அதுகள் இந்த நாட்டுப் பிள்ளையள். எங்களுக்கு இன்னும் விசாவே முடிவாகேல்லை. இஞ்ச பாரும், கீழ ஆறு வரி. ஆறும் ‘நோ’ எண்டுதான் தொடங்குது.”

அந்த ஆறு வரிகள் வாகனத்தையும் நெருப்பையும் கூடாரத்தையும் அவைபோன்ற வேறு சிலவற்றையும் தடைசெய்தன. நடக்கும் பெண்களைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் பட்டியலில் இல்லாததுதான் பெரிய ஆபத்து என்பதைப் பதினொரு வருடச் சேவை அப்பாவுக்குக் கற்பித்திருந்தது.

தெருவில் நடக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் தெரு தொழிற்சாலை லொறிகளுக்கு ஒரு குறுக்குவழி. நடைபாதையோ கட்டவிழ்த்த இரண்டு நாய்களின் ஆட்சியில் இருந்தது. ஆகவே அம்மா வீட்டின் பின்பக்கக் கோடியில் நடக்கத் தொடங்கினார். அங்கே புல்லின் நடுவே ஓர் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் குடைபோல் விரிந்த உடுப்புக் கொடி. சேலைக்கு மேல் அப்பாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பழைய சாமான் கடையில் வாங்கிய வெள்ளைச் சப்பாத்துகளோடு, அவர் அந்தக் கம்பத்தை வலம்வந்தார். படுக்கைவிரிப்புகள் காயும் நாட்களில் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் தோன்றுவார்.

அப்பா குசினி யன்னலால் எட்டிப்பார்ப்பார். “நவக்கிரகத்துக்கு ஒன்பது சுத்துத்தானே? இது எத்தினையாவது?”

“உங்கட சனிக்கும் சேர்த்துத்தான் சுத்துறன். நீங்கள் போய்ச் சோத்தைப் பாருங்கோ.”

ஒரு மாதத்தில் கம்பத்தைச் சுற்றிப் புல் செத்து ஒரு வட்டம் விழுந்தது. அடுத்த மாதம் மழை பிடித்து அந்த வட்டம் சேறானது. அம்மா இரண்டு தரம் வழுக்கினார். அதன்பின் நடை மழைவிட்ட நாட்களுக்கு மட்டும் என்றாயிற்று.

இனிச் சொல்லப்போவதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. ரிசர்வ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வகுப்பு அங்கேதான் விளையாடப் போகும். அது எல்லாருக்கும் பொதுவான இடம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. பள்ளிவிட்டபின் என் வகுப்புப் பெண்கள் அங்கே ஊஞ்சல்களில் இருப்பார்கள். சேலையும் ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டையும் வெள்ளைச் சப்பாத்துமாக அம்மா அவர்கள் முன்னால் நடந்துவருவதை நான் மனதுக்குள் ஒருமுறை பார்த்திருந்தேன். அது எனக்குப் போதுமாக இருந்தது.

மூன்று மாத முடிவில் சீனி இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. மருத்துவர் ஊசியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் மொழிபெயர்க்குமுன்பே அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

“பிள்ளை, நான் இன்னும் கூடச் சுத்துறன் எண்டு சொல்லு. மழையிலயும் சுத்துறன் எண்டு சொல்லு.”

சொன்னேன். எதைச் சுற்றுகிறார் என்று மருத்துவர் கேட்டார். உடுப்புக் கொடியை என்றேன். அவர் சிரிக்கவில்லை. உங்கள் தெருமுனையில் ரிசர்வ் இருக்கிறதே என்றார். அந்த ஒரு சொல்லை அப்பா பிடித்துக்கொண்டு, தாங்கள் அதற்குள் பிரவேசிக்க அதிகாரம் பெற்றவர்கள் அல்லர் என்று கச்சேரி ஆங்கிலத்தில் விளக்கினார். மருத்துவர் என் பக்கம் திரும்பி, நீ அங்கே விளையாடியதே இல்லையா என்று மெல்லக் கேட்டார்.

விளையாடியிருக்கிறேன் என்று நான் தலையாட்டிய விதத்திலேயே அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. “உனக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

அம்மா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, “அது சின்னன். அதுக்கென்ன விளங்கும்,” என்றார். திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

“எழுத்தில தரச் சொல்லு,” என்றார் அப்பா. மருத்துவர் மருந்து எழுதும் தாளை எடுத்து, அம்மாவின் பெயரிட்டு, நாள்தோறும் அரை மணி நேரம் ரிசர்வுக்குள் நடக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். இன்னும் மூன்று மாதத் தவணையும் கொடுத்தார். அப்பா அந்தத் தாளைக் கடவுச்சீட்டுகள் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை, புல்லெல்லாம் பனி. அப்பா உறையிலிருந்து எடுத்துக் கொடுத்த தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அம்மா வாசலில் நின்று, வலதுகாலை முதலில் எடுத்துவைத்து உள்ளே போனார். சேர்ந்து வந்தவளாகத் தெரியாதிருக்க, நான் பத்தடி பின்னால் நடந்தேன். பாதி தூரம் போயிருப்போம். எதிரே நாயோடு வந்த ஒரு கிழவர் கையை உயர்த்தி, குளிரைப் பற்றி ஏதோ கேட்டபடி நெருங்கினார். அம்மா அந்த இடத்திலேயே நின்றார். கைப்பையைத் திறந்து தாளை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டிவிட்டு, நிலத்தைப் பார்த்தார்.

கிழவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அதை முழுவதும் படித்தார். அம்மாவின் சப்பாத்துகளைப் பார்த்தார். அரை மணியா, தன்னால் இருபது நிமிடத்துக்குமேல் முடியாது என்று சொல்லி, அவரும் இரண்டு கையாலேயே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

“அம்மா! இஞ்ச ஒருத்தரும் பேப்பர் கேக்கமாட்டினம்.”

“கேக்காட்டிலும் காட்டுறது நல்லது, பிள்ளை.”

அடுத்த பரிசோதனையில் சீனி இறங்கியிருந்தது. ஊசி பல வருடங்களுக்குத் தள்ளிப்போனது. அந்தத் தாள் மடிப்புகளில் கிழிந்து, ஒட்டப்பட்டு, மறுபடி கிழியும்வரை அம்மாவின் கைப்பையிலேயே இருந்தது. இப்போது என் வேலையிடத்தில், எந்த வீட்டுக்கு எவ்வளவு அருகில் புல்வெளி இருக்கிறது என்று வரைபடத்தில் அளக்கிறார்கள். நல்ல வேலைதான், நானும் சேர்ந்து அளக்கிறேன். அந்தக் கணக்கில் எங்கள் வீடு மிகவும் அதிர்ஷ்டம் செய்த வீடாக இருந்திருக்கும்.

ஊரில் சோதனைச் சாவடிகளில் அம்மாவின் முன்னால் அப்படிக் கையை உயர்த்தியவர்கள் யார், காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் இருந்தன. அன்று காலை நான் பார்த்துக்கொண்டிருந்தது ஊஞ்சல்களின் பக்கத்தைத்தான். அங்கே யாரும் இல்லை என்று கண்ட பிறகு, ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.