செலரித் தண்டும் புஷ்பத்தின் கைகளும்

புஷ்பம் அன்று காலை சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்து மூடிக்கொண்டு வேலைக்கு வந்தாள். நான் விலக்கிப் பார்த்தேன். இரண்டு முன்கைகளிலும் வெந்நீர் கொட்டியதுபோலக் கொப்புளங்கள்.

பேராதனைக்குப் பக்கத்தில், கண்டி ஹோட்டல்களுக்கு மரக்கறி சுத்தம் செய்து அனுப்பும் கொட்டகை அது. நான் அங்கே சுப்பர்வைசர். புஷ்பம் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். டவுன் வேலை வேண்டுமென்று தினமும் பஸ் ஏறி வந்தாள். அவளுக்குக் கொடுத்திருந்தது செலரி மேசை.

செலரியில் எல்லாத் தண்டும் ஒரே நிறமாக வராது. மண் அணைத்தோ கடதாசி சுற்றியோ வெயில் படாமல் வளர்த்த தண்டு வெளிறியிருக்கும். கசப்புக் குறைவு, பச்சையாகச் சாப்பிடும் சலாதுக்கு அதைத்தான் கேட்பார்கள். கட்டின் நடுத் தண்டும் அப்படித்தான், வெளித் தண்டுகள் அதற்கு நிழல். வெயில் பட்டது கடும் பச்சை. வாசமும் கசப்பும் கூடுதலாக இருப்பதால் சூப்புக்கும் பிரைட் ரைஸுக்கும் போகும். தண்ணீர் போதாமல் வளர்ந்தது வெறும் நார். நிறத்தைப் பார்த்து ருசியைப் பிரிப்பதுதான் எங்கள் வேலை.

இன்னொரு நிறமும் உண்டு. நுவரெலியாப் பக்கம் விடாமல் மழை பெய்தால் சில கட்டுகள் அடியில் இளஞ்சிவப்பாக அழுகி, பஞ்சுபோல் பூஞ்சணத்தோடு வரும். அந்த வாரத்து லொறியில் நிறைய அப்படி.

“அழுகினத மட்டும் வெட்டிப் போட்டுட்டு மிச்சத்த கழுவுங்க. இன்னைக்கே போகணும்,” என்றார் முதலாளி.

உள்ளே இடம் போதவில்லை. புஷ்பம் முற்றத்தில் உட்கார்ந்து வெட்டினாள். முழங்கைவரை சாறு, தலைக்கு மேல் நல்ல வெயில். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் இந்தக் கொப்புளம்.

மற்றப் பெண்கள் தள்ளி நின்றார்கள். அவள் தேத்தண்ணி குடித்த கோப்பையை ஒருத்தி எடுத்துத் தனியாக வைத்தாள். முதலாளி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

“ஏதோ தொத்து வியாதி போல. ஹோட்டல்காரங்க பாத்தா நம்ம கதை முடிஞ்சிரும். நீ வீட்டுக்குப் போ புஷ்பம்.”

“செலரி வெட்டுனதுக்குப் பொறகுதாங்கய்யா எரிய ஆரம்பிச்சிச்சு.”

“செலரி திங்கிற சாமான். அது கைய சுடுமா?”

அவள் பையை எடுத்துக்கொண்டாள். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளை ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டொக்டர் கையைப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். செலரிச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் தோல் வெந்துபோகும், அழுகல் பிடித்த செலரியில் அது இன்னும் கடுமை என்றார். யாருக்கும் தொற்றாது. கொப்புளம் ஆறிவிடும், கறுப்பு மட்டும் பல மாதம் நிற்கும்.

டொக்டர் சொன்னதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன், அவர் மறுக்கவில்லை. கையுறை வந்தது. முற்றத்து வேலை நின்றது. அடி சிவந்த கட்டை முழுதாக எறியச் சொன்னார். புஷ்பத்தைத் திரும்ப எடுப்பதைப் பற்றி நான் கேட்டபோது, “கறுப்பு போகட்டும், பாப்போம்,” என்றார். மாதங்கள் போயின. ஆள் தட்டுப்பாடு வந்தபோது அவரே என்னைக் கூப்பிட்டு, “அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க மிஸ்,” என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து கலஹா பஸ் ஏறினேன். புஷ்பம் மறுபடியும் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். கைகளில் திட்டுத் திட்டாக இன்னும் கறுப்பு. முதலாளி வரச் சொன்னதைச் சொன்னேன்.

“தொத்து இல்லன்னு டாக்டர் சொன்னத அவங்ககிட்ட சொன்னீங்களாக்கா?”

“எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

“யாராச்சும் என்னைய விசாரிச்சாங்களா?”

“இல்ல,” என்றேன்.

“எனக்கு தொத்துன்னு அங்கருந்து யாரோ சொல்லி இங்க லயத்து வீடுங்க பூராவும் தெரிஞ்சிருச்சு. பக்கத்து வீட்டுல புள்ளைய என்கிட்ட விட மாட்டேங்கிறாங்க. நான் வரலக்கா. அங்க உள்ளவங்க மூஞ்சியில முழிக்க ஏலாது.”

சுப்பர்வைசராக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேலையாளின் உடம்பில் ஒன்றைக் கண்டால் முதலில் அவர் தொட்ட பொருளைப் பாருங்கள், அவர் உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள். ஆளைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை நாள்தான் ஆனது. அதற்குள் பேச்சு கலஹாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.