கிரீம் பன் வாங்கும் பிளம்பர்

பிளம்பருக்கு இனிப்பு ஆகாது. டீயைக்கூடச் சர்க்கரை இல்லாமல் குடிப்பவர். அப்படிப்பட்டவர் தினமும் மாலையில் தெருமுனை பேக்கரிக்குப் போய் ஒரு கிரீம் பன் வாங்கி, சந்து திரும்பியதும் அங்கே படுத்திருக்கும் நாய்க்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். நாய் நன்றாகக் கொழுத்துவிட்டது.

காரணம் பேக்கரிக்காரி. அப்பா போன பிறகு கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள், நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவள். பிளம்பரும் தனிக்கட்டைதான். அவள் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு தபால்காரர், தையல்காரர் என்று வருகிற ஆண்களையெல்லாம் வாய் நிறைய 'அண்ணா' என்பாள். பிளம்பருக்கு மட்டும் வெறும் 'வாங்க'.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது அவருடைய அண்ணி. "கொழுந்தனாரே, ஊருக்கெல்லாம் அண்ணா, உங்களுக்கு மட்டும் வாங்கன்னா என்ன அர்த்தம்? இன்னும் எத்தனை நாளைக்குப் பன்னையே வாங்கிட்டு இருப்பீங்க? வாயத் தொறந்து கேளுங்க."

கேட்டுவிடுவது என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போன அன்றைக்குப் பார்த்து, கடையில் சிங்க் அடைத்துக்கொண்டது. மாவும் வெண்ணெயும் குழாய்க்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டன. "கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டு, வண்டியிலிருந்து பையை எடுத்துவந்தார்.

அவருக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. முன்பின் தெரியாத வீட்டில் குளியலறை வரைக்கும் போகிற வேலை. அதனால் பெரியவள் என்றால் அக்கா, சின்னவள் என்றால் தங்கச்சி என்று வாசலிலேயே முறை வைத்துவிடுவார். அவர்களுக்கும் பயமில்லை, இவருக்கும் பேர் கெடாது. வருஷக்கணக்கில் வாயில் ஊறிப்போன பழக்கம். சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகத்தில் அழுக்குத் தண்ணீர் சொட்டச் சொட்ட, கையை நீட்டினார்.

"தங்கச்சி, அந்தப் பெரிய ஸ்பேனரை எடும்மா."

தவளை தன் வாயால் கெடும். மேலேயிருந்து ஸ்பேனர் கைக்கு வந்தது. தங்கச்சி என்று சொன்ன நாக்கால் இனி வேறு பேச்சை எப்படி எடுப்பது? அடைப்பு போய்த் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. கை கழுவும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாளும் போனார். போகாவிட்டால் என்ன நினைப்பாளோ என்ற பயம். தலையைக் குனிந்துகொண்டு கிரீம் பன் கேட்டார். அவள் பன்னை எடுக்கவில்லை. உப்பு பிஸ்கட்டை எடுத்துப் பொட்டலம் கட்டினாள்.

"உங்களுக்கு இனிப்பு பிடிக்காதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். நாய்க்குப் போடறதையும் பாத்திருக்கேன். சொல்லிட்டா வராம இருந்துடுவீங்களோன்னுதான் இத்தனை நாளா சொல்லல."

பொட்டலத்தை நீட்டினாள்.

"இனிமே என்ன? இந்தாங்கண்ணா."