மதாம் கோலேயின் ஐந்தாவது ஆள்

இது நடந்தது. ஜெனீவா ஏரிக்கரைப் பக்கம் ரெனான் என்ற ஊரில், எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடியில், போன நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மதியம் 3.10-க்கும் மாலை 5.08-க்கும் இடையில். நான் குடித்திருக்கவில்லை. காபி மட்டும்தான், அதுவும் ஆபீஸ் மெஷின் காபி. அதைக் குடித்தால் பேய் தெரியாது, வயிற்றுவலிதான் தெரியும். நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். இன்னும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலியை மட்டும் மாற்றிவிட்டேன்.

எல்லாம் நான் அழித்த ஒரு வார்த்தையால் வந்தது.

எங்கள் கம்பெனி தனியாக வாழும் முதியவர்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான் கொடுக்கிறது. விழுந்துவிட்டால் அழுத்த வேண்டும். உடனே எங்கள் மெஷின் அவர்கள் எழுதிக் கொடுத்த பட்டியலைத் திறந்து முதல் ஆளைக் கூப்பிடும். நாற்பது நொடி பார்க்கும். எடுக்காவிட்டால் அடுத்த ஆள். முதலில் யார், அப்புறம் யார் என்பதை அந்த முதியவர்கள் யோசித்து எழுதியிருப்பார்கள். சாவி வைத்திருக்கும் கீழ்வீட்டுக்காரி முதலில். கனடாவில் இருக்கும் மகன் கடைசியில். அந்த வரிசையில்தான் உயிரே இருக்கிறது.

பட்டியலை ஜேசன் (JSON) வகைக் கோப்பாக எழுதி மெஷினுக்கு அனுப்பும் நிரலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதை ஸ்கலா என்ற கணினி மொழியில் எழுதியிருக்கிறார்கள். அந்த மொழி பிறந்ததே எங்கள் ஏரிக்கரைக் கல்லூரியில்தான், அதனால் இந்தப் பக்கம் அதைக் குறை சொன்னால் ரொட்டிக் கடைக்காரர்கூட முறைப்பார். எனக்கு முன்னால் இருந்தவர் பெயர்களை 'லிஸ்ட்மேப்' என்ற பெட்டியில் போட்டு வைத்திருந்தார். முதலில் போட்டது முதலில் வரும் பெட்டி. மேலே ஒரு குறிப்பும் இருந்தது: 'வரிசையைத் தொடாதே. ஏ.சி.'

வெள்ளிக்கிழமை மாலை 4.50-க்கு நான் தொட்டேன்.

பழைய பெட்டி, மெதுவான பெட்டி என்று எனக்கு எண்ணம். சாதாரண 'மேப்' ஆக்கினேன். குறிப்பையும் அழித்தேன். பள்ளத்துக்கு முன்னால் நட்டிருந்த பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே பள்ளத்தில் இறங்கிய ஆள் நான்.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. என் சொந்தப் பட்டியலை வைத்தே சோதித்தேன். ஜெனீவாவில் இருக்கும் அக்கா. பிரிந்துபோன மனைவி (அவளைக் கேட்கவில்லை). என் மேலாளர் மிரேய். நான்காவதாகப் பல் டாக்டர், நல்ல மனிதர். ஐந்தாவது ஆளுக்காகப் பத்து நிமிடம் யோசித்தேன். கிடைக்கவில்லை. நாலு பேரோடு ஓட்டினேன். வரிசை கச்சிதமாக வந்தது.

வரத்தான் செய்யும். ஸ்கலாவின் சாதாரண மேப்பில் நாலு பேர் வரை போட்ட வரிசையிலேயே நிற்பார்கள். ஐந்தாவது ஆள் உள்ளே வந்ததும் பெட்டியின் அமைப்பே மாறிவிடும். ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். இதைக் கல்லூரியிலேயே படித்திருக்கிறேன். என் வாழ்க்கையில் ஐந்தாவதாக ஒருவர் இருந்திருந்தால் அன்றே நினைவுக்கு வந்திருக்கும்.

சனிக்கிழமை காலை மோர்ஜ் ஊரில் ஒரு முதியவர் சமையலறையில் விழுந்தார். அவர் பட்டியலில் ஆறு பேர். மெஷின் முதலில் கூப்பிட்டது மான்ட்ரியாலில் தூங்கிக்கொண்டிருந்த மகனை. மகன் தூக்கக் கலக்கத்தில் எடுத்துவிட்டதால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போகவில்லை; இருபது நிமிடம் முதியவர் தரையில் கிடந்தார். பெரிய அடி இல்லை. மிரேய் எனக்கு ஃபோன் செய்தாள்.

"கீழ்வீட்டுக்காரி கையில சாவியோட உக்காந்திருக்கா யானிக். உன் மெஷின் அட்லாண்டிக்கைத் தாண்டுது. நீ எதைத் தொட்ட?"

சொன்னேன்.  அந்தக் குறிப்பை எழுதிய ஏ.சி. யார் என்று கேட்டேன். முன்பும் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். பதில் மாறவில்லை.

"கிளம்பிட்டார்," என்றாள்.

ஞாயிறன்று ஆபீசுக்குப் போனேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருக்கும் கட்டடத்தில் துணி துவைக்கக்கூட அனுமதி கிடையாது, கடைகளும் திறந்திருக்காது. எனக்குப் போக ஒரு இடம் கிடைத்தது.

ஆபீசில் யாரும் இல்லை. ஞாயிறன்று வரும் அழைப்புகளைப் பெர்னில் இருக்கிற ஒரு குழு பார்த்துக்கொள்ளும். ஜன்னலுக்கு வெளியே ஏரியிலிருந்து வந்த மூடுபனி. எதிர்க் கட்டடம் இல்லை. தண்டவாளம் இல்லை. ரயில் போகும் சத்தம் மட்டும் இருந்தது.

3.10-க்கு லிஸ்ட்மேப்பைத் திரும்பப் போட்டேன். குறிப்பையும் எழுத்து மாறாமல் வைத்தேன். இனிமேல் பிரச்சினை இல்லை. ஆனால் இந்த இரண்டு நாளில் வேறு யாராவது விழுந்து, தவறான ஆளுக்கு அழைப்பு போய், இன்னும் தரையிலேயே கிடந்தால்? அதை நான்தான் பார்க்க வேண்டும். வரிசை கலைந்த பட்டியல்களை எல்லாம் வெளியே எடுத்தேன். அறுபத்திரண்டு.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஐந்து பேர், ஆறு பேர், ஒரு மகராசிக்குப் பதினான்கு பேர். பொறாமையாகத்தான் இருந்தது. மோர்ஜ் முதியவரைத் தவிர வேறு எந்தப் பட்டியலிலும் அழைப்பு போயிருக்கவில்லை. நிம்மதி.

4.12-க்கு கடைசிப் பட்டியலைத் திறந்தேன்.

மதாம் ஜெர்மேன் கோலே. வயது எண்பத்தி ஏழு. மலைக்கு அந்தப் பக்கம், லு சாந்தியே ஊர். முதலில் பக்கத்து வீட்டுக்காரர் முசியே பஹு. பிறகு அக்கா மகள், டாக்டர், பாதிரியார். அவர் எழுதிக் கொடுத்த வரிசை இது. கோப்பில் பாதிரியார் முதலில் இருந்தார். பஹு கடைசியில்.

சரி, கலைந்திருக்கிறது என்று மூடப் போனேன்.

மூடவில்லை.

எண்ணிப் பார்த்தேன். நாலு பேர்.

நாலு பேர் கலைய மாட்டார்கள். கலையவே முடியாது. ஒரே ஒரு வழிதான் உண்டு. ஐந்தாவதாக ஒருவர் உள்ளே வந்து, பிறகு வெளியே போயிருக்க வேண்டும். வந்தவர் போனாலும் மற்ற நாலு பேரும் பழையபடி வரிசைக்குத் திரும்ப மாட்டார்கள். அந்தப் பெட்டியின் குணம் அப்படி.

பதிவேட்டைப் பார்த்தேன். நாலு பேர். நகலைப் பார்த்தேன். நாலு பேர்.

ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் உருவாக்காத கோளாறு ஒன்று இருப்பதே ஒரு வகையில் சந்தோஷம்தான். வெள்ளிக்கிழமைப் பிழையோடு கூடிய பழைய நிரலை எடுத்தேன். பட்டியலுக்குள் ஒவ்வொருவர் நுழையும்போதும் ஒரு வரி திரையில் வரும்படி செய்தேன். 4.31-க்கு ஓட்டினேன்.

பஹு.

அக்கா மகள்.

டாக்டர்.

பாதிரியார்.

அவ்வளவுதான். மூச்சு விட்டேன். காபி எடுக்கப் போனேன். மெஷின் உறுமியது, நின்றது. அது நின்ற பிறகும் ஒரு சத்தம் இருந்தது. டக்... டக்... டக்... பழைய சுவர்க்கடிகாரம் போல. எங்கள் ஆபீசில் சுவர்க்கடிகாரம் கிடையாது.

திரும்பி வந்தேன். திரையில் ஐந்தாவது வரி இருந்தது.

பெயர் இல்லை. எண் மட்டும். 21.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி அழிந்தது.

கீபோர்டில் என் கை இல்லை. இரண்டு கையிலும் காபிக் கோப்பையைப் பிடித்திருந்தேன்.

மணி 4.40.

21... இந்த எண்ணை எங்கோ பார்த்திருக்கிறேன். எங்கே?

என் மேசையில். திரைக்குப் பின்னால். தூசி படிந்த ஒரு பழைய ஃபோன். அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் மங்கிய மையில் எழுதியிருந்தது.

21.

4.41.

அது அடித்தது.

ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று...

எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. அதனாலாக இருக்கலாம்.

"ஹலோ?"

டக்... டக்... டக்...

கடிகாரத்துக்கு அடியில் மெல்லிய மூச்சு. ஒரு வயதான பெண்ணின் மூச்சு. விட்டு விட்டு வந்தது.

அப்புறம், மிக அருகில், ஓர் ஆணின் குரல். கோபம் இல்லை. பொறுமையான குரல்.

"முதல்ல பஹு."

"யாரு?"

"முதல்ல பஹு."

லைன் செத்துவிட்டது.

என் செல்ஃபோனில் முசியே பஹுவின் எண்ணை அழுத்தினேன்.  மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. கம்பெனிப் பெயரைச் சொல்லி, மதாம் கோலே வீட்டை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் பால் பண்ணைக்காரர், சாவி அவரிடம் இருந்தது. பொத்தான் அடித்ததா என்று கேட்டார். தெரியாது என்றேன்.  பிறகு பூட்ஸ் மாட்டும் சத்தம் கேட்டது.

காத்திருந்தேன்.

பழைய ஃபோனைப் பார்த்தேன். அதன் வயரைக் கையில் எடுத்தேன். மேசைக்குப் பின்னால் இழுத்தேன்.

வந்துகொண்டே இருந்தது.

மறுமுனை என் கைக்கு வந்துவிட்டது. வெட்டப்பட்ட முனை. அதன் மேலும் தூசி.

நான் கத்தவில்லை. கத்தினால் கேட்க யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த நினைப்பு ஃபோனைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

5.08-க்கு பஹு திரும்பக் கூப்பிட்டார். மூச்சிரைத்தது. மதாம் கோலே காலையில் உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்கு இறங்கியிருக்கிறார். படியில் விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. உடம்பு சில்லிட்டிருந்தாலும் உயிர் இருக்கிறது, ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றார். அவருக்குப் பின்னால் சுவர்க்கடிகாரச் சத்தம் கேட்டது. அதே சத்தம்.

"ஒண்ணு கேக்கணும் முசியே," என்றார் பஹு. "பொத்தான் இவங்க கழுத்துல இல்ல. குளியலறை ஆணியில தொங்குது. ஃபோன் மேல மாடியில இருக்கு. உங்களுக்கு யாரு சொன்னது?"

வெட்டப்பட்ட வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

திங்கட்கிழமை காலை 8.05-க்கு மிரேய் அறைக்குள் போனேன். வெட்டப்பட்ட வயரை அவள் மேசைமேல் வைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினாள்.

"அந்த லைனை வெட்டச் சொன்னது நான்தான்," என்றாள். "ஏ.சி.ன்னா ஆல்பேர் குவாந்தே. நீ உக்கார்ற நாற்காலி அவரோடது. பட்டியல்ல ஆள் குறைவா எழுதினவங்களுக்குக் கடைசியில தன் மேசை நம்பரைச் சேர்த்துடுவார். ஞாயித்துக்கிழமைன்னா வந்து உக்காந்துக்குவார், யாராவது கூப்பிட்டா எடுக்கணும்னு. கோலே அம்மாவுக்கும் சேர்த்திருந்தார். அவர் கிளம்பினப்புறம் நானே ஒவ்வொண்ணா எடுத்தேன்."

"மிரேய், அவர் எங்க கிளம்பிப் போனார்?"

அவள் வயரைக் கையில் எடுத்துச் சுற்றினாள். சுற்றி முடிக்கும் வரை என்னைப் பார்க்கவில்லை.

"எங்கயும் போகல. அவர் வீட்டுலயே விழுந்துட்டார். சோதிச்சுப் பாக்கறதுக்குன்னு நம்ம பொத்தான் ஒண்ணு எப்பவும் அவர் கழுத்துல இருக்கும். அழுத்தியிருக்கார். பதினோரு தடவை. மெஷினும் ஒவ்வொரு தடவையும் அவர் பட்டியலைத் திறந்து பாத்திருக்கு." குரல் இறங்கியது. "நாலு நாள் கழிச்சுத்தான் கதவை உடைச்சோம். அந்தப் பட்டியல் காலி, யானிக். ஒரு பேர்கூட இல்ல."