கூரை மேல் போன பல்

என் முன்பல் ஒன்று வீட்டுக் கூரை மேல் போய்விட்டு வாய்க்குத் திரும்பி வந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பல்லாவரத்தில் எங்கள் தெரு அடிபம்பில் குனிந்து குடத்தை நகர்த்தும்போது, கைப்பிடி எகிறி வாயில் அடித்தது. பல் வேரோடு மண்ணில் கிடந்தது.

அம்மா பெரிதாகப் பதறவில்லை. விழுந்த பல்லைக் கூரை மேல் போட்டால் புதுப்பல் நன்றாக முளைக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இதையும் ஓட்டுக் கூரை மேல் வீசிவிட்டாள். ரத்தம் நிற்காமல் போகவேதான் மாமா எங்களைச் சைக்கிளில் வைத்து ஸ்டேஷன் பக்கம் இருந்த பல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்.

டாக்டரம்மா வாயைப் பார்த்ததும் கேட்டது, “பல்லு எங்கம்மா?”

“கூரை மேல போட்டுட்டேன். அப்பதானே நல்லா மொளைக்கும்.”

“பால் பல்லுன்னா சரி. இது விழுந்து முளைச்ச பல்லும்மா. இனிமே வராது.”

அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா திட்டவில்லை. மாமாவிடம், “ஓடிப் போய்த் தேடுங்க. வேர்ல கை படக் கூடாது, தேய்க்கக் கூடாது. பால்ல போட்டு எடுத்துட்டு வாங்க” என்றார்.

மாமா திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. கையில் டீக்கடை கண்ணாடி டம்ளர்.

“ரெண்டு ஓட்டுக்கு நடுவுல மாட்டிகினு இருந்திச்சி, அக்கா” என்றவர் டாக்டரம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். “கடைக்காரன் பால்ல சக்கர போட்டுட்டாம்மா. பரவால்லியா?”

“பல்லுக்கே சக்கரையா?” என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

அதன் பிறகு சிரிக்கவில்லை. பல்லின் தலையை மட்டும் பிடித்து உப்புநீரில் அலசினார். ஊசி போட்டு, விழுந்த குழியிலேயே மெல்ல அழுத்தினார். மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார். நான் அழுதபோதெல்லாம் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அழாதே என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று, “எத்தினி வருஷம் நிக்கும்?” என்று கேட்டாள்.

“ரொம்ப நேரம் காஞ்சு போச்சும்மா. அவன் வளர்ந்து முடியற வரைக்கும் நின்னா போதும்.”

அது என் காதிலும் விழுந்தது. ஆனால் கம்பி கட்டிய பல்லைத் தெருப் பையன்களுக்குக் காட்டும் அவசரத்தில் இருந்தேன்.

அந்தப் பல்லோடுதான் மீசை முளைத்தது, வேலைக்குப் போனேன். பிறகு ஒருநாள் காலை, இட்லி தின்னும்போது வலியே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை, உள்ளேயே கரைந்து போயிருந்தது. கட்டுப்பல் வைக்கத் தாம்பரம் போனேன். அங்கிருந்த இளம் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “சின்ன வயசுல யாருண்ணா திரும்ப வச்சது? அப்படியே விட்டிருந்தா எலும்பு உள்வாங்கி முகமே மாறியிருக்கும்” என்றார்.

கரும்பு கடிக்கும்போதெல்லாம் அம்மா ஏன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் விளங்கியது. என்றைக்காவது போய்விடும் பல் என்று தெரிந்துதான் டாக்டரம்மா அவ்வளவு நேரம் என் மேல் குனிந்து நின்றார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.